பேக்கேஜ்ல வர்ற பழைய டெர்ம்கேப் ஃபைலைத் தூக்கிடலாமா? கஸ்டமர் பக்கம் என்னெல்லாம் உடையும்?

பாவுநூல்:

வணக்கம் மக்களே, ரொம்ப பழைய சமாச்சாரம் தான், ஆனா சர்வர் பக்கம் கைவச்ச ஆளுங்க இங்க நிறைய பேர் இருக்கீங்கன்னு நம்பி கேக்குறேன்.

நான் வேலை பாக்குற இடத்துல ஒரு ஸ்டாக், பில்லிங் சாஃப்ட்வேர் இருக்கு. நூல் மில்லு, குடோன், மொத்தக் கடைன்னு போட்டுக் குடுத்திருக்கோம். சி-ல எழுதினது, முழுக்க டெக்ஸ்ட் ஸ்க்ரீன், எஃப்2 அடிச்சா பில்லு, எஃப்5 அடிச்சா சரக்கு வரவு. தொண்ணூறுகள்ல எஸ்சிஓ யூனிக்ஸ்ல ஆரம்பிச்சது, அப்புறம் லினக்ஸுக்குக் கொண்டு வந்தாங்க, அப்ப எழுதினவங்க ஒருத்தரும் இப்ப கம்பெனில இல்ல. டெப், ஆர்பிஎம் ரெண்டு பேக்கேஜும் இப்ப என் தலைல.

விஷயம் என்னன்னா இந்த பேக்கேஜ் போட்டா சாஃப்ட்வேர் மட்டும் இறங்கறதில்ல, கூடவே ஒரு பெரிய டெர்ம்கேப் ஃபைல் (எந்த டெர்மினலுக்கு என்ன கோட் அனுப்பணும்ங்கிற பட்டியல்) சிஸ்டம் செட்டிங்ஸ் இருக்கிற இடிசி-க்குள்ள போய் உக்காருது, லாகின்ல ஓடுற ப்ரொஃபைல்.டி-ல ஒரு ஸ்க்ரிப்ட்டும் விழுது. அந்த மெஷின்ல யாரு லாகின் பண்ணாலும் அந்த ஸ்க்ரிப்ட் டெர்ம்கேப்-ங்கிற என்விரான்மென்ட் வேரியபிளை செட் பண்ணும், டெர்ம் வேரியபிள்ல இருக்கிற டெர்மினல் பேரு தனக்குத் தெரியலேன்னா பேசாம விடி100-ங்கிற பழைய டெர்மினல் பேரா மாத்திடும், போற போக்குல எஸ்டிடிஒய்-ங்கிற டெர்மினல் செட்டிங் கமாண்ட் வச்சு பேக்ஸ்பேஸை கன்ட்ரோல்-எச் ஆக்கிட்டுப் போயிடும். சோர்ஸுக்குள்ளயே க்னூ டெர்ம்கேப் லைப்ரரியோட பழைய காப்பி ஒண்ணு கிடக்கு, அதைத்தான் ஸ்டாட்டிக்கா சேத்து கம்பைல் பண்றோம்.

இப்ப கஸ்டமர் பக்கம் புதுசா வர்ற அட்மின் பசங்க எல்லாம் போன் போட்டு திட்டுறாங்க. டீமக்ஸ் (ஒரே டெர்மினல்ல பல ஸ்க்ரீன் ஓட்டுற டூல்) உள்ள போனா கலர் எல்லாம் போயிடுது, ரீட்லைன் (டைப் பண்ற வரியைத் திருத்த உதவுற லைப்ரரி) இல்லாத ப்ராம்ப்ட்ல பேக்ஸ்பேஸ் அடிச்சா அழியாம கேரட் குறியும் கேள்விக்குறியும் வருது, உங்க சாஃப்ட்வேரை போட்டதுக்கு அப்புறம் தான் இப்படின்னு கரெக்டா கண்டுபிடிச்சு சொல்றாங்க. அடுத்த மேஜர் ரிலீஸ்ல இது மொத்தத்தையும் தூக்கிடலாம்னு எனக்கு ஆசை. எங்க மேனேஜர் ஓடுற வரைக்கும் ஓடட்டும், கைவைக்காதன்னு சொல்றார். தூக்கினா நிஜமா என்ன உடையும்? யாராவது இதைச் செஞ்சிருக்கீங்களா?


கருப்புத்திரை:

தாராளமா தூக்கலாம் ப்ரோ, ஆனா எதைத் தூக்குறீங்கன்னு பிரிச்சுப் பாத்துக்கோங்க. நீங்க சொன்னதுல வேற வேற விஷயம் எல்லாம் ஒண்ணா சுருண்டு கிடக்கு. டெர்ம்கேப் ஃபைல் ஒண்ணு, அதைப் படிக்கிற லைப்ரரி ஒண்ணு, அந்த லாகின் ஸ்க்ரிப்ட் ஒண்ணு. உங்களுக்கு வர்ற திட்டு பூரா மூணாவதுக்குத் தான்.

டெர்ம்கேப் பில் ஜாய் 1978ல பெர்க்லில விஐ எடிட்டருக்காக எழுதினது. அப்ப ஆளுக்கொரு டெர்மினல், ஸ்க்ரீனை துடைக்க ஒருத்தனுக்கு ஒரு எஸ்கேப் கோட், கர்சரை நகத்த இன்னொருத்தனுக்கு வேற கோட், அதனால எல்லாத்தையும் ரெண்டெழுத்துப் பேரு வச்சு ஒரே டெக்ஸ்ட் ஃபைல்ல கொட்டி வச்சார். ப்ரோக்ராம்கள் அந்த என்ட்ரியை 1024 பைட் பஃபர்ல தான் வாங்கும், அதனால ஒரு என்ட்ரி 1023 பைட்டைத் தாண்டக்கூடாதுன்னு ஒரு வரம்பு கடைசி வரைக்கும் ஒட்டிக்கிட்டே வந்துச்சு. எண்பதுகள் தொடக்கத்துல மார்க் ஹார்ட்டன் டெர்மின்ஃபோ கொண்டு வந்தார், டிக்-னு ஒரு கம்பைலர், டெர்மினலுக்கு ஒரு பைனரி ஃபைல், நீளமான பேரு, நீள வரம்பும் தளர்ந்துடுச்சு. லினக்ஸ்ல இன்னிக்கு டெக்ஸ்ட் ஸ்க்ரீனுக்கு எல்லாமே என்கர்சஸ்-ங்கிற லைப்ரரி, அது படிக்கிறது டெர்மின்ஃபோ தான். டெர்ம்கேப் ஃபைலைப் படிக்கிற வசதி என்கர்சஸ்ல உண்டு, ஆனா கம்பைல் பண்ணும்போது கேட்டு வாங்கினா தான் வரும், டிஃபால்ட்டா ஆஃப். நெட்பிஎஸ்டி கூட 2012ல 6.0 விட்டப்ப டெர்மின்ஃபோவுக்கு மாறிடுச்சு. நீங்க வச்சிருக்கிற க்னூ டெர்ம்கேப் லைப்ரரிக்கு கடைசி ரிலீஸ் 1.3.1, அது 2002. அதுல ஒரு பக் வந்தா யாரு சரி பண்ணுவா, நீங்க தான்.

நல்ல சேதி என்னன்னா உங்க கோடை பெருசா மாத்த வேண்டியதில்ல. டிகெட்என்ட், டிகெட்நம், டிகெட்எஸ்டிஆர் இந்த பழைய ஃபங்ஷன் எல்லாம் என்கர்சஸ்லயும் அதே பேர்ல இருக்கு, உள்ள போய் டெர்மின்ஃபோல தேடி ரெண்டெழுத்துப் பேருக்கு பதில் குடுக்கும். நீங்க குடுக்கிற பஃபரை அது கண்டுக்கிறதே இல்ல. அதனால சோர்ஸ்ல இருக்கிற காப்பியை அழிச்சுட்டு, என்கர்சஸ்ல டெர்மின்ஃபோ படிக்கிற பகுதியான டின்ஃபோ லைப்ரரியோட லிங்க் பண்ணாலே பாதி வேலை முடிஞ்சுது. ஒரே ஒரு இடம் கவனிங்க, கோடுல எங்கயாவது அந்த பஃபரை நேரா பிரிச்சு மேஞ்சிருந்தாங்கன்னா அங்க குப்பை தான் இருக்கும்.

அந்த லாகின் ஸ்க்ரிப்டை மட்டும் இன்னிக்கே தூக்குங்க. டெர்ம் வேரியபிளை செட் பண்றது டெர்மினலோட வேலை, எஸ்எஸ்எச் அதை அப்படியே எடுத்துட்டுப் போகும். டீமக்ஸ் உள்ள அது ஸ்க்ரீன் இல்ல டீமக்ஸ்னு ஆரம்பிக்கிற பேரா தான் இருக்கணும், அதைப் போய் விடி100-ன்னு மாத்தினா விடி100-க்கு ஏது கலர்? அது 1978ல டெக் கம்பெனி விட்ட கருப்பு வெள்ளை பொட்டி.


டீக்கடைரூட்:

மேல சொன்ன நண்பர் சொன்னது எல்லாம் கரெக்ட் தான், ஆனா நான் மேனேஜர் கட்சி. ஒரு டெக்ஸ்ட் ஃபைல், சும்மா ஒரு ஓரமா கிடக்கு, சோறா கேக்குது? இந்த மாதிரி பழசு, யாரும் யூஸ் பண்றதில்லன்னு தூக்குறவங்க எல்லாம் தான் யூஸ் பண்ணாதவங்களா இருக்காங்க. லினக்ஸ் கர்னல் 5.9ல கன்சோல்ல ஷிஃப்ட் பேஜ்அப் அடிச்சு மேல போய் பாக்குற வசதியைத் தூக்கினாங்க, 2020ல. சர்வர் ரூம்ல மானிட்டரை சொருகி பூட் ஆகாத மெஷின் முன்னாடி நிக்கிறவனுக்குத் தான் அந்த வலி தெரியும், மேல என்ன எரர் ஓடிச்சுன்னு பாக்க முடியாது, போன்ல வீடியோ எடுத்து நிறுத்தி நிறுத்தி படிக்க வேண்டியதா இருக்கு.

உங்க கஸ்டமர்ல எத்தனை பேரு எந்த டெர்மினல் வச்சிருக்காங்கன்னு உங்களுக்கே தெரியாது. அது தெரியாம கைவைக்காதீங்க.


கருப்புத்திரை:

அந்த ஸ்க்ரோல்பேக் உதாரணம் நீங்க சொல்றதுக்கு எதிரா தான் நிக்குது தல. அந்தக் கோடைப் பாத்துக்க ஆளில்ல, பக் ரிப்போர்ட் மட்டும் வந்துட்டு இருந்துச்சு, அதனால தான் தூக்கினாங்க. எனக்கும் அது போனதுல கடுப்பு தான், ஆனா பாத்துக்குறேன்னு யாரும் கை தூக்கல. இவர் கேஸ்லயும் அதே தான், எழுதினவங்க இல்ல, லைப்ரரி செத்துப் போய் பல வருஷம். அதோட இது ஓரமா கிடக்கிற ஃபைல் இல்லியே, லாகின் பண்ற ஒவ்வொருத்தன் ஷெல்லையும் மாத்துது. அந்த மெஷின்ல வேற சாஃப்ட்வேர் ஓட்டுறவன் என்ன பாவம் பண்ணான்?

எந்த டெர்மினல்னு தெரியாதுங்கிறது மட்டும் நியாயமான கேள்வி. அதுக்கு வழி இருக்கு, இப்ப இருக்கிற வெர்ஷனுக்கே ஒரு சின்ன அப்டேட் விடுங்க, சாஃப்ட்வேர் ஸ்டார்ட் ஆகும்போது டெர்ம் வேரியபிள்ல என்ன பேரு இருந்துச்சுன்னு சிஸ்லாக்ல (சிஸ்டத்தோட பதிவு ஃபைல்) ஒரு வரி எழுதட்டும். ஸ்க்ரிப்ட் அதை மாத்துறதுக்கு முன்னாடி என்ன இருந்துச்சோ அதையும் சேத்து எழுதணும், இல்லேன்னா எல்லாமே விடி100-ன்னு தான் தெரியும்.


வடலி:

அண்ணை, நான் வேர்ஹவுஸ் பக்கம் சிஸ்டம் பாக்கிறனான், ஒரு விசயம் சொல்லவேணும். உங்கட ஆக்கள் குடோனிலயும் இதைப் பாவிக்கினம் எண்டு சொன்னியள் தானே, அங்க கையில பிடிக்கிற பார்கோட் ஸ்கானர் இருக்கோ எண்டு முதல்ல பாருங்கோ. அந்த ஸ்கானருக்குள்ள கனக்க இடத்தில இப்பவும் டெல்நெட் (தூர இருந்து சர்வருக்குள்ள போற பழைய முறை) தான் ஓடுது, விடி220 டெர்மினல் மாதிரி நடிக்கிற எமுலேஷன். ஆக்கள் அதைக் கம்ப்யூட்டர் எண்டே நினைக்கிறேல்ல, அதால டெர்மினல் லிஸ்ட் கேட்டா ஒருத்தரும் சொல்லமாட்டினம்.

அதில பிரச்சினை ஸ்க்ரீன் அளவு. 80க்கு 24 இல்ல, 20 எழுத்து அகலம், 16 வரி, இப்பிடித் தான் வரும், மொடலுக்கு மொடல் மாறும். நல்ல டெல்நெட் கிளையன்ட் எண்டா தன்ர விண்டோ சைஸைச் சொல்லும், சிலது சொல்லாது. சொல்லாட்டி சர்வரில அந்த டெர்மினலுக்குரிய டிடிஒய்-ல சைஸ் பூச்சியம், அப்ப என்கர்சஸ் அந்த டெர்மினல் என்ட்ரியில இருக்கிற கணக்கைத் தான் எடுக்கும். அதுக்காகவே ஆரோ ஒருத்தர் உங்கட டெர்ம்கேப்பில 20, 16 எண்டு போட்டு ஒரு என்ட்ரி வச்சிருக்கக் கூடும். அதைத் தூக்கினா ஸ்கானரில பாதி மெனு வெளியால போயிடும், குடோனில நிக்கிற பெடியனுக்கு ஒண்டும் விளங்காது.

மற்றது பேக்ஸ்பேஸ். சில ஸ்கானர் கன்ட்ரோல்-எச் அனுப்பும், புட்டி எண்ட டெர்மினல் ப்ரோக்ராம், லினக்ஸ் டெர்மினல் எல்லாம் 127 அனுப்பும். அந்த எஸ்டிடிஒய் வரி அதுக்கு எழுதினதாத் தான் இருக்கும்.


பாவுநூல்:

எல்லாருக்கும் நன்றி. வடலி அண்ணா சொன்னது நெத்திப்பொட்டுல அடிச்ச மாதிரி இருக்கு, எங்க ஃபைல்ல அந்த மாதிரி சின்ன ஸ்க்ரீன் என்ட்ரி நிஜமாவே இருக்கு.

உக்காந்து எங்க டெர்ம்கேப் ஃபைலை கேப்டுஇன்ஃபோ போட்டு டெர்மின்ஃபோவா மாத்தி, சிஸ்டம்ல ஏற்கனவே இருக்கிறதோட இன்ஃபோகம்ப் வச்சு ஒப்பிட்டுப் பாத்தேன். பெரும்பாலானது அச்சு அசல் பொதுவான ஃபைல்ல இருந்து காப்பி பண்ணது, ஒரு எழுத்து வித்தியாசம் இல்ல. நாங்களா மாத்தினது கொஞ்சம் தான். ஒண்ணு அந்த ஸ்கானர். இன்னொண்ணு விடி100-ங்கிற பேர்லயே ஃபங்ஷன் கீ எல்லாம் மாத்தி வச்சிருக்காங்க, அசல் விடி100-ல பிஎஃப்1-ல இருந்து பிஎஃப்4 வரைக்கும் தானே கீ, இவங்களுக்கு எஃப்5 வேணும்ல. மூணாவது வைஸ்60-ங்கிற பழைய டெர்மினல், அதுல பிஓ, பிஎஃப்னு ரெண்டு மட்டும் வித்தியாசமா இருக்கு. இது என்னன்னு தெரியல. இன்னும் வைஸ் டெர்மினல் வச்சிருக்கிற ஒரு மில்லு இருக்கு, அதனால இதைச் சும்மா விட முடியாது.


அடைப்புக்குறி:

பிஓ, பிஎஃப்னா பிரின்டர் ஆன், பிரின்டர் ஆஃப். டெர்மின்ஃபோல எம்சி5, எம்சி4. அந்தக் காலத்துல பில் அடிக்க தனியா பிரின்ட் சர்வர் எல்லாம் கிடையாது, டெர்மினலுக்குப் பின்னாடி ஒரு ஆக்ஸிலரி போர்ட் இருக்கும், அதுல டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரை சொருகிடுவாங்க. சாஃப்ட்வேர் பிரின்டர் ஆன் கோடை அனுப்பும், அதுக்கு அப்புறம் வர்றது எல்லாம் ஸ்க்ரீனுக்குப் போகாம பிரின்டருக்குப் போகும், முடிஞ்சதும் ஆஃப் கோட். விடி வகையறால அது எஸ்கேப், சதுர அடைப்பு, 5, ஐ. நிறுத்த அதே தான், 5-க்கு பதிலா 4. உங்க மில்லுல இன்னும் இப்படித் தான் பில் வருதுன்னு நினைக்கிறேன், போய் பாருங்க, டெர்மினலுக்குப் பின்னாடி ரெண்டு கேபிள் இருக்கும்.

உங்க பழைய கோட் டிகெட்எஸ்டிஆர்ல பிஓ-ன்னு கேட்டா என்கர்சஸ் எம்சி5-ஐ எடுத்துக் குடுக்கும், அது பிரச்சனை இல்ல. ஆனா டெஸ்ட் பண்ணும்போது ஆஃப் கோட் சரியா போகுதான்னு நல்லா பாருங்க. அது தப்பாப் போனா அடுத்து வர்ற மெனு ஸ்க்ரீன் முழுக்க பேப்பர்ல அடிச்சுத் தள்ளும், ஸ்க்ரீன்ல ஒண்ணும் வராது, ஆபரேட்டர் ஹேங் ஆயிடுச்சுன்னு ஸ்விட்சை ஆஃப் பண்ணுவார். வைஸ் இடத்துல புட்டி வைக்கப் போறாங்கன்னா அதுலயும் இந்த விடி கோட் வேலை செய்யும், செட்டிங்ஸ்ல எந்த பிரின்டர்னு காட்டணும், சும்மா விட்டா அடிக்காது.

இப்ப பேக்கேஜ் பக்கம். உங்க மூணு என்ட்ரியை மட்டும் ஒரு சின்ன டெர்மின்ஃபோ சோர்ஸ் ஃபைலா எழுதிக்கோங்க. பேரு கண்டிப்பா உங்க சொந்தப் பேரா இருக்கணும், விடி100-ங்கிற பேரை இனிமே தொடாதீங்க. யூஸ்னு போட்டு வைஸ்60-ஐ அப்படியே இழுத்துட்டு மாறுற ரெண்டை மட்டும் மேல எழுதினா போதும், அஞ்சாறு வரில முடிஞ்சுடும். பில்ட் பண்ணும்போதே டிக் வச்சு கம்பைல் பண்ணி பேக்கேஜுக்குள்ள வச்சுடுங்க, பேரு தனியா இருக்கிறதால என்கர்சஸ் பேக்கேஜோட ஃபைல் மோதாது. டெபியன்ல பேஸ் பேக்கேஜ்ல லினக்ஸ், எக்ஸ்டெர்ம், விடி100 மாதிரி அடிக்கடி வேணுங்கிறது மட்டும் தான் இருக்கும், வைஸ் எல்லாம் என்கர்சஸ்-டெர்ம் பேக்கேஜ்ல, அதனால அதை டிபென்டென்சில சேத்துடுங்க.

இங்க ஒரு பள்ளம் இருக்கு. என்கர்சஸ் 6.1ல, அதாவது 2018ல, டெர்மின்ஃபோ பைனரில பெரிய நம்பர் வைக்க புது ஃபார்மட் வந்துச்சு. 32767-க்கு மேல ஒரு நம்பர் இருந்தா டிக் தானாவே புது ஃபார்மட்ல எழுதிடும், பழைய 5 சீரிஸ் லைப்ரரி அதைத் திறக்காது, டெர்மினலே தெரியாதுன்னு சொல்லிடும். வைஸ்ல அவ்ளோ பெரிய நம்பர் எதுவும் வராது, ஆனா நாளைக்கு எக்ஸ்டெர்ம்-256கலர் மேல யூஸ் போட்டு ஒண்ணு எழுதினா மாட்டிக்குவீங்க. இருக்கிறதுலயே பழைய சிஸ்டம்ல கம்பைல் பண்ணா பயமில்ல.

பேக்ஸ்பேஸுக்கு எஸ்டிடிஒய் வேணவே வேணாம். சாஃப்ட்வேர்ல கீ வாங்குற இடத்துல 8 வந்தாலும் 127 வந்தாலும் என்கர்சஸோட பேக்ஸ்பேஸ் கீ வந்தாலும் அழின்னு எழுதிடுங்க, ஸ்கானரும் சந்தோஷம் புட்டியும் சந்தோஷம். டெபியன் பாலிசிலயே பேக்ஸ்பேஸ்னா 127 தான்னு எழுதி வச்சிருக்காங்க, அதை மெஷின் முழுக்க மாத்துற உரிமை ஒரு பில்லிங் பேக்கேஜுக்கு இல்ல.


கருப்புத்திரை:

இன்னொண்ணு, ஸ்டாட்டிக்ல இருந்து டைனமிக்கா மாறும்போது எந்த டின்ஃபோன்னு பாத்துக்கோங்க. 5-ம் நம்பர் லைப்ரரியோட லிங்க் பண்ணி ஒரே பைனரியை எல்லா இடத்துக்கும் அனுப்பலாம்னு நினைக்காதீங்க, உபுண்டு 24.04ல டின்ஃபோ 5 பேக்கேஜே கிடையாது. எங்க ஆபீஸ்ல ஒரு எஃப்பிஜிஏ டூல் இதனாலேயே நின்னுச்சு, நெட்ல எல்லாரும் 6-க்கு ஒரு சிம்லிங்க் போடுன்னு தான் சொல்றாங்க, அது வெர்ஷன் இன்ஃபர்மேஷன் இல்லன்னு புலம்பிக்கிட்டே ஓடும், சில நேரம் ஓடாது. காசு வாங்குற சாஃப்ட்வேருக்கு அது அசிங்கம். ஒவ்வொரு டிஸ்ட்ரோக்கும் அங்கயே பில்ட் பண்ணுங்க.

புட்டில டெஸ்ட் பண்ணும்போது பில் பாக்ஸோட ஓரம் எல்லாம் கோடா வராம எல், க்யூ க்யூ க்யூ, கே-ன்னு எழுத்தா வந்தா பயப்படாதீங்க. யூடிஎஃப்-8 மோட்ல பழைய விடி100 கோடு போடுற முறையை அது கண்டுக்காம விடுறது தான் காரணம். டெர்ம் பேரை புட்டின்னு வச்சா சரியாயிடும், இல்ல என்கர்சஸ்க்கு அந்த நோ-யூடிஎஃப்8-ஏசிஎஸ் வேரியபிளை 1-ன்னு வைக்கலாம். ஆனா தயவுசெஞ்சு அதை ப்ரொஃபைல்.டி-ல வைக்காதீங்க, மறுபடி முதல்ல இருந்தா. உங்க சாஃப்ட்வேரை ஸ்டார்ட் பண்ற ராப்பர் ஸ்க்ரிப்ட்ல வைங்க, அது உங்க வீடு, என்ன வேணா பண்ணுங்க.


டீக்கடைரூட்:

சரி, நான் பாதி இறங்கி வர்றேன். ஸ்க்ரிப்ட் போகட்டும். ஆனா அந்த மூணு என்ட்ரி இருக்கேன்னு கண்டுபிடிச்சதே வடலி கேட்டதால தான், இல்லேன்னா ஃபைலோட சேத்து அதுவும் போயிருக்கும், அதை மட்டும் எழுதி வச்சுக்கோங்க.

பேக்கேஜ்ல இருந்து ஃபைலை எடுத்துட்டா அது கஸ்டமர் மெஷின்ல இருந்து தானா போயிடாது, அதைக் கவனிச்சீங்களா? இடிசி-ல இருக்கிறது கான்ஃப்-ஃபைல், அதாவது கஸ்டமர் மாத்திக்கக்கூடிய செட்டிங் ஃபைல், டெபியன்ல புது வெர்ஷன்ல அது இல்லேன்னாலும் பழசு அங்கயே அப்சலீட்னு முத்திரை குத்திக்கிட்டு கிடக்கும், ஸ்க்ரிப்டும் ஜம்முனு ஓடிட்டே இருக்கும். மெயின்ட்ஸ்க்ரிப்ட் ஹெல்ப்பர்ல ஆர்எம்-கான்ஃப்ஃபைல்னு ஒண்ணு இருக்கு, அதைப் போடணும். கஸ்டமர் கைவைக்காத ஃபைலா இருந்தா அழிச்சிடும், மாத்தியிருந்தா டிபிகேஜி-பேக்னு பின்னாடி ஒட்டி ஒதுக்கி வைக்கும். ஒட்டினதும் பேரு எஸ்ஹெச்-ல முடியாது, அதனால லாகின்ல ஓடாது. ஆர்பிஎம்-ல கான்ஃபிக்னு குறிச்சிருந்தீங்கன்னா மாத்தின ஃபைல் ஆர்பிஎம்சேவ் ஆயிடும். அப்டேட் போட்டதுக்கு அப்புறம் யார் மெஷின்ல அப்படி ஒதுக்கி வச்ச ஃபைல் இருக்குன்னு சப்போர்ட் ஆளுங்களை தேடச் சொல்லுங்க, அந்த கஸ்டமருக்குத் தான் நீங்க போன் பண்ணணும்.


பாவுநூல்:

மேனேஜர்கிட்ட பேசிட்டேன். சிஸ்லாக் வரி எழுதுற அப்டேட் முதல்ல போகுது, அதுலயே பேக்ஸ்பேஸ் திருத்தமும். மேஜர் ரிலீஸ்ல ஸ்க்ரிப்டும் டெர்ம்கேப்பும் லைப்ரரி காப்பியும் போகும், மூணு என்ட்ரி டெர்மின்ஃபோவா வரும். நியூஸ் ஃபைல்லயும் எழுதி வைக்கிறேன், ஆனா அதை யாரும் படிக்க மாட்டாங்கன்னு தெரியும், அதனால இன்ஸ்டால் பண்ணப் போற எங்க பசங்களுக்கு தனியா சொல்லணும். மில்லுல கேட்டேன், அடைப்புக்குறி சொன்ன மாதிரியே தான், டெர்மினலுக்குப் பின்னாடி பிரின்டர் தொங்குது, கேட் பாஸ் பூரா அதுல தான் வருதாம்.

ஸ்கானர்ல டெர்ம் பேரை எங்க மாத்துறதுன்னு மட்டும் தெரியல வடலி அண்ணா, ஒவ்வொண்ணா கையில எடுத்து மாத்தணுமா?


வடலி:

டெல்நெட் கிளையன்டின்ர செட்டிங்கில டெர்மினல் பேர் எழுத ஒரு இடம் இருக்கும், கனக்க மொடலில கான்ஃபிக் ஃபைல் ஒண்டைச் செய்து எல்லாத்துக்கும் அனுப்பலாம். அது சரிவராட்டி சர்வர் பக்கம் செய்யுங்கோ, உங்கட ராப்பருக்குள்ள, டெர்ம் விடி220, சைஸ் பூச்சியம் எண்டு வந்தா மட்டும் உங்கட சின்ன ஸ்க்ரீன் பேரைக் குடுங்கோ. சைஸ் சொல்லுற ஸ்கானருக்கு ஒண்டும் செய்யத் தேவையில்லை.


டீக்கடைரூட்:

ரிலீஸை மார்ச் கடைசில மட்டும் விட்டுடாதீங்க பாவுநூல். வருஷக் கணக்கு முடிக்கிற நேரத்துல கேட் பாஸ் அடிக்கலேன்னா லாரி வெளிய போகாது, மேனேஜர் உங்களைத் தான் கேப்பார்.